ஈயச் சீலுக்கு இந்தப் பக்கம்

ஐப்பசி மழை ஒருநாள் விட்டிருந்தபோது நண்பர் போன் செய்தார். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர். "எங்க மாமனார் டிராக்டர் நின்னுபோச்சு. பம்பு போயிடுச்சு, இருபத்தெட்டாயிரம் ஆகும், வாரன்டி வராதுன்னு ஷோரூம்ல சொல்லிட்டாங்க. நாளைக்கு பேரிகை ரோட்டு மேஸ்திரி வந்து பார்க்கிறார். பட்டறைத் தொழிலைப் பத்தி எழுதணும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, வாங்க." மறுநாள் காலை ஏழு மணிக்கு சூளகிரியில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன்.

பெரியவருக்கு மூன்றரை ஏக்கர். இரண்டு ஏக்கரில் மா, பெரும்பாலும் பெங்களூரா. மீதியில் மழையைப் பார்த்து ராகியோ கொள்ளோ தக்காளியோ போடுவார். முன்பெல்லாம் பெரிய டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டு உழுதிருக்கிறார். மாமரத்தின் தாழ்ந்த கிளைகளை அது முறித்துக்கொண்டு போகும். அதனால்தான் இருபத்திரண்டு மாதத்துக்கு முன்னால் கடன் போட்டு ஒரு மினி டிராக்டர் வாங்கினார். ஆறு மாதத்துக்கு ஒரு தவணை.

இந்தப் பகுதிக்குச் சின்ன டிராக்டர் புதிதல்ல. 1967-ல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து முதலில் பவர் டில்லரையும் பிறகு 18.5 குதிரைத்திறன் டிராக்டரையும் கொண்டுவந்தது. அதன் டிராக்டர் தொழிற்சாலை ஓசூரிலேயே இருக்கிறது. பிறகு மஹிந்திரா, ஸ்வராஜ், சோனாலிகா, குபோட்டா என்று எல்லோருமே இந்த அளவில் வண்டி விட்டார்கள். பெரியவருடையது எந்தக் கம்பெனி என்று நான் எழுதப்போவதில்லை. சிவப்பு, நீலம், பச்சை, எந்த நிறத்து வண்டியானாலும் இதே கதைதான் என்பது மேஸ்திரியின் அனுபவம். இந்தியாவில் 2022-23-ல் மட்டும் 9 லட்சத்துக்கும் மேலான டிராக்டர்கள் விற்றன. அவற்றில் மினி டிராக்டரின் பங்கு சிறியது. ஷோரூம் பட்டறைகளில் ஸ்பேர் அடுக்கி வைப்பதும் ஆட்களைப் பழக்குவதும் பெரிய வண்டிகளை மனதில் வைத்துத்தான். சின்ன வண்டிக்காரர் எப்போதும் வரிசையில் கடைசி.

மேஸ்திரி ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸெலில் வந்தார். ஐம்பதைத் தொட்டிருப்பார். பின்னால் டூல்ஸ் பாக்ஸைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணகிரி ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டுக் கை பழக வந்தவன். வண்டியிடம் போனதும் மேஸ்திரி பானெட்டைத் திறக்கவில்லை. டேஷ்போர்டில் வண்டி ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டரைத் துடைத்துவிட்டு, "எழுதிக்கோ, நானூத்திப் பன்னெண்டு" என்றார். பையன் ஒரு நீள நோட்டில் எழுதினான். பிறகு சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டார். பெரியவர் வீட்டுக்குள் போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பாலிதீன் உறையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தார்.

"எப்ப நிக்குதுண்ணா?"

"காலையில நல்லா ஓடுதப்பா. பதினோரு மணிக்கு மேல இருமிக்கிட்டே நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடும்."

"காலையில டேங்க் ஃபுல் பண்ணிட்டுத்தான் எடுப்பீங்களா?"

"ஆமா."

மேஸ்திரி பையனைப் பார்த்தார். கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பம்பு தேய்ந்துபோயிருந்தால் அது காலையிலும் தேய்ந்துதான் இருக்கும். டீசல் நிறைய இருக்கும்போது ஓடி, குறையக் குறைய நிற்கிறதென்றால் கோளாறு பம்புக்கு முன்னால், டேங்க்கிலிருந்து வரும் வழியில் இருக்கிறது. டேங்க் நிறைந்திருந்தால் டீசல் தன் கனத்திலேயே இறங்கி வருகிறது. மட்டம் இறங்கிவிட்டால் ஃபீட் பம்பு அதை உறிஞ்சி இழுக்க வேண்டும். வழியில் எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தால் டீசலோடு காற்றையும் இழுத்துக்கொள்ளும். டீசல் வரும் வழியில் காற்று ஏறினால் என்ஜினுக்கு மூச்சு நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதை 'ஏர் லாக்' என்பார்கள்.

இப்போது பானெட் திறந்தது. டேங்க் மூடியின் மூச்சுத் துளையை ஊதிப் பார்த்தார், அது சரியாக இருந்தது. ரப்பர் ஹோஸை விரலால் நீவிக்கொண்டே வந்தார். டீசல் ஃபில்டரின் தலையில் ஒரு போல்ட்டிடம் வந்ததும் விரல் நின்றது. அதைச் சுற்றி மோதிர அகலத்துக்குச் செம்மண் ஒட்டியிருந்தது. மற்ற இடங்களில் இருந்த தூசி ஊதினால் பறந்தது, இது பறக்கவில்லை. "எண்ணெய்க் கசிவு கண்ணுக்குத் தெரியாது சார். மண்ணு காட்டிக்குடுக்கும்" என்றார்.

ஏர் திருகைப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, ஃபீட் பம்பின் குமிழைக் கையால் அழுத்தச் சொன்னார். பையன் அழுத்த அழுத்த, அங்கே டீசல் வரவில்லை. நுரை வந்தது, சோப்புத் தண்ணீர் மாதிரி.

போல்ட்டைக் கழற்றினார். அதன் இரண்டு பக்கமும் செம்பு வாஷர், இருபத்தைந்து பைசா அளவு. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு ஓரத்தில் நகத்தால் தொட்டால் தெரிகிற பள்ளம். விஷயம் இதுதான்: முன்பு ஒரு மழை நாளில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. ஷோரூமில் ஸ்டாக் இல்லை, நான்கு நாள் ஆகும் என்றார்கள். தக்காளி நடவுக்கு நிலம் தயாராக வேண்டியிருந்ததால் பெரியவர் டவுன் கடையில் ஒரு ஃபில்டர் வாங்கி அங்கேயே ஒரு பையனை விட்டு மாட்டிக்கொண்டார். அந்தப் பையன் புது ஃபில்டரைப் போட்டுவிட்டுப் பழைய வாஷரையே திருப்பி மாட்டியிருக்கிறான். செம்பு ஒருமுறை நசுங்கினால் இறுகிப்போகும். மறுபடி முறுக்கினால் பதியாது. ஃபில்டரில் குறையே இல்லை.

பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். பெரியவர் வீட்டு விறகடுப்பில் வாஷரைக் கம்பியில் கோத்துக் காட்டினார். கறுத்து, பிறகு மாம்பழச் சிவப்பாக ஆனதும் எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் போட்டார். சுர்ரென்றது. இரும்பை இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். எடுத்த வாஷரை விரலால் வளைக்கவே முடிந்தது. உப்புத்தாளில் தேய்த்துப் பள்ளத்தைப் போக்கினார். "புதுசு பாக்ஸ்ல இருக்குண்ணா, அதையே போடறேன். இது பையன் பாக்கறதுக்காகச் செஞ்சது" என்று சொல்லிப் புது வாஷரை மாட்டினார். நுரை வந்த இடத்தில் இப்போது டீசல் ஒரே தாரையாக வந்தது. ஏர் திருகை இறுக்கினார்.

வாஷர் விலை பத்து ரூபாய்க்குள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கடுத்த காட்சி. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, என்ஜின் பக்கத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். டீசல் பம்பின் விலாவில் ஒரு திருகு, அதன் தலை வழியே முறுக்கிய மெல்லிய கம்பி, கம்பியின் முனையில் மிளகு அளவில் ஒரு ஈய உருண்டை. உருண்டையில் அழுத்திய முத்திரை. "இது கம்பெனி சீல். ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு டீசல்னு இந்தத் திருகுதான் முடிவு பண்ணும். இதை அறுத்து அரைச் சுத்து திருகினா வண்டி குதிரை மாதிரி இழுக்கும். கறும்புகை தள்ளும். ஒரு வருஷத்துல பிஸ்டன் உருகும். இதை அறுத்தவங்க வாரன்டின்னு கேட்கவே முடியாது, கேட்கவும் கூடாது. நான் இந்தச் சீலுக்கு இந்தப் பக்கம் நிக்கிற ஆளு."

கைத்தொழில்காரர்களைப் பற்றி எழுதும்போது அவர்களால் என்னவெல்லாம் முடியும் என்றுதான் நாம் வியப்போம். எங்கே கை வைக்கக் கூடாது என்பதும் அந்தத் தொழிலின் பாதி என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மேஸ்திரி பிறந்தது வேப்பனப்பள்ளிப் பக்கம். அப்பா கல் குவாரிக் கூலி. பதின்மூன்று வயதில் கிருஷ்ணகிரியில் ஒரு லாரி ஷெட்டில் விட்டார்கள். முதல் ஒரு வருடம் மண்ணெண்ணெயில் உதிரி கழுவுவது மட்டும்தான் வேலை. கழுவிக் கழுவி, எந்த உதிரி எந்த வண்டியின் எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகிவிட்டார். அங்கிருந்து பெங்களூர், டீசல் பம்பு சரிசெய்யும் கடை. 1951-ல் தொடங்கி ஆடுகோடியில் வேரூன்றிய மைகோ கம்பெனியின் பம்புகள்தான் அந்த ஊர் மெக்கானிக்குகளுக்குப் பள்ளிக்கூடம். 2008-ல் கம்பெனி பெயரை பாஷ் என்று மாற்றிக்கொண்டது. மேஸ்திரி வாயில் இன்றைக்கும் அது மைகோ பம்புதான். சோதனை மேசையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் எல்லாவற்றிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு ஏறும்வரை உட்கார்ந்து சரிசெய்வார்களாம். ஒரு குழாயில் ஒரு சொட்டு கூடினாலும் முதலாளி பிரித்துப்போடச் சொல்வார். சரிசெய்து முடித்த பம்புக்கு முதலாளி தன் கையால்தான் சீல் வைப்பார். ஆறு வருடம் இருந்தும் இவர் கையில் அந்த சீல் கட்டையைக் கொடுத்ததில்லை. "கடைசி நாள் குடுத்தார் சார். ஒரே ஒரு பம்பு. கை நடுங்கிடுச்சு."

பிறகு ஒரு டிராக்டர் டீலரிடம் ஒன்பது வருடம். வாரன்டி கிளைம் எழுதுவது இவர் வேலை. கழற்றிய உதிரியைக் கழுவி, சீட்டுக் கட்டிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஜாப் கார்டில் மணியும் தேதியும் எழுத வேண்டும். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கியர் பாக்ஸ் உடைந்து வந்தார். வண்டி 140 மணிதான் ஓடியிருந்தது. 250 மணி அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் என்பது விதி. மணி வரவில்லையே என்று அவர் வரவில்லை. வருடத்தைப் பத்தொன்பது நாள் தாண்டிவிட்டார். இவர் உள்ளபடி தேதியை எழுதினார். கிளைம் திரும்பி வந்துவிட்டது. அந்த மனிதர் இரண்டு கறவை மாட்டை விற்றுப் பணம் கட்டினார்.

"நான் பொய் எழுதல சார். ஆனா அந்தத் தேதி முக்கியம்னு ஒரு நாள் முன்னாடி அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லல. நானும் யோசிக்கல." அதன்பிறகு அங்கே அவருக்கு ஓடவில்லை. வெளியே வந்து, பேரிகை ரோட்டில் புங்க மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டார்.

அந்த நீள நோட்டு அப்போது ஆரம்பித்தது. ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். வாங்கிய தேதி, மணி, அடுத்த சர்வீஸ் மணி, அடுத்த சர்வீஸ் தேதி. தேதி மட்டும் சிவப்பு மையில். மாதத்தின் முதல் நாள் பையன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் போன் போடுவான்: "அண்ணா, இந்த மாசம் பதினாலுக்குள்ள ஷோரூம்ல சர்வீஸ் விட்டுடுங்க." தன் பட்டறைக்கு அல்ல, ஷோரூமுக்குப் போகச் சொல்லி இவர் காசில் போன். முதல் 50 மணி சர்வீஸைத் தவறவே விடமாட்டார். புதுக் கியர்ப் பற்கள் உரசி உதிர்ந்த இரும்புத்தூள் பழைய ஆயிலில் ஜிகினா மாதிரி மின்னும். அதை வடிக்காமல் விட்டால் அதுவே அரம் ஆகிவிடும்.

மினி டிராக்டர் விஷயத்தில் இந்தச் சிவப்புத் தேதிதான் எல்லாமே. விளம்பரத்தில் 'இரண்டு வருடம் அல்லது 2000 மணி' என்று போட்டிருந்தால் கேட்பவருக்கு 2000 மணி என்பதுதான் காதில் விழும். பெரியவர் இருபத்திரண்டு மாதத்தில் ஓட்டியது 412 மணி. இந்த வேகத்தில் 2000 மணி ஓட்ட எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த எண் அவருக்கானதே அல்ல. சொந்தக் காட்டில் மட்டும் ஓட்டுகிற சிறு விவசாயிக்கு வாரன்டியை முடித்துவைப்பது காலண்டர். ஆயில் சீலும் ரப்பர் ஹோஸும் ஓடாமல் நின்றாலும் வெயிலில் வெடிக்கும், ஆனால் ரப்பர் சாமான், ஃபில்டர், கிளட்ச் பிளேட், பல்பு எல்லாம் பெரும்பாலும் வாரன்டியிலேயே சேராது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனியிடம் தனியாகப் போக வேண்டும்.

இதை விற்கும்போது யார் சொல்கிறார்கள்? விற்பவருக்கு விற்றதும் கமிஷன், கடன் வாங்கிக்கொடுத்தவருக்குக் கமிஷன், இன்ஷூரன்ஸ் போட்டவருக்குக் கமிஷன். வண்டி வாசலுக்கு வரும்வரை நான்கு பேர் வீட்டுக்கு வந்து டீ குடிக்கிறார்கள். வண்டி நின்ற அன்றைக்கு ஒருவரும் போனை எடுப்பதில்லை. 'ஃப்ரீ சர்வீஸ்' என்றால் கூலி மட்டும்தான் ஃப்ரீ, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பில் வரும், காட்டுக்கு வந்து பார்த்தால் விசிட் சார்ஜ் தனி. பெரியவரின் சர்வீஸ் புத்தகத்தை வரி விடாமல் பார்த்தேன். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சடித்திருந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் பேசுகிற ஊர் இது. அந்த மூன்றில் ஒன்றில்கூட நிபந்தனையை அச்சடிக்காமல், பத்தொன்பது நாள் தாண்டிவிட்டாய் என்று ஒரு மனிதனைத் திருப்பி அனுப்புவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. பம்பைக் கழற்றியே பார்க்காமல் பம்பு போய்விட்டது என்று இருபத்தெட்டாயிரம் சொன்னதும் அநியாயம்தான்.

டவுன் கடைப் பையனையும் நான் விடப்போவதில்லை. கோளாறு வந்தது அவன் கையால்தான். மேஸ்திரிக்கே அவன்மேல்தான் அதிகக் கோபம். "பத்து ரூபா வாஷரை மாத்தல பாருங்க, அதனாலதான் வெளியாள் கை பட்டாலே கெட்டுப்போச்சுன்னு ஷோரூம்காரன் சொல்றான். நாம வாய் திறக்க முடியல."

கர்நாடக எல்லைக்கே உரிய தொல்லையும் ஒன்று உண்டு. ஆனேக்கல்லிலோ மாலூரிலோ சொந்தக்காரர் சொன்னார் என்று விலை குறைவாக வண்டி எடுத்து வருகிறார்கள். கோளாறு என்றால் இந்தப் பக்க டீலர், வாங்கிய இடத்துக்குப் போ என்கிறார். அந்தப் பக்கத்து டீலர், அவ்வளவு தூரம் ஆள் அனுப்ப முடியாது என்கிறார். நம்பர் பிளேட்டில் கே.ஏ. இருப்பதால் ஒரு வண்டி அநாதையாகிவிடுகிறது. அதே எல்லைதான் மேஸ்திரிக்கு வரமும். காலையில் பஸ் ஏறினால் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கிடைக்காத ஸ்பேர் இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி வர வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான வரி 12-லிருந்து 5 சதவீதமாகவும், டயரும் பல முக்கிய உதிரிகளும் 18-லிருந்து 5 சதவீதமாகவும் இறங்கியது அவருக்குக் கொஞ்சம் மூச்சு. ஸ்பேராகவே வராத உதிரிக்கு ஓசூர் லேத்துகள் இருக்கின்றன. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்து இறங்கியதிலிருந்து இந்த ஊரில் மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ரிட்டையர் ஆன ஒருவர் வீட்டுத் திண்ணையை ஒட்டி லேத்து போட்டிருக்கிறார். தேய்ந்த புஷ்ஷைக் கொண்டுபோனால் பால் காபி குடித்து முடிப்பதற்குள் கடைந்து தருவார்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை வேறு உருவத்தில் நடக்கிறது. அங்கே டிராக்டருக்குள் மென்பொருள் பூட்டு. டீலர் வந்து கணினியை மாட்டினால்தான் பல கோளாறுகள் தெரியும். கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயிக்குத் தன் இயந்திரத்தைத் தானே சரிசெய்யும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வணிக ஆணையமே டிராக்டர் கம்பெனியான ஜான் டீர்மீது வழக்குப் போட்டது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். பேரிகை ரோட்டுப் புங்க மரத்தடிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

ஆனால் கையில் இருக்கிற சட்டமே சின்னதல்ல. பிழைப்புக்காகத் தன் உழைப்பில் ஓட்ட வாங்கிய டிராக்டர் என்றால் அந்த விவசாயி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான், வியாபாரி அல்ல. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடக் கட்டணமே கிடையாது. புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் போடலாம். இதையெல்லாம் நான் சொன்னபோது பெரியவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "கோர்ட்டுக்குப் போற அன்னைக்குத் தோட்டத்துக்குத் தண்ணி யாரு கட்டறதுப்பா" என்றார். என்னிடம் பதில் இல்லை. மேஸ்திரி மட்டும் பையனிடம், "அந்த நம்பரை நோட்டு அட்டையில எழுது" என்றார்.

டேங்க்கில் இருந்த டீசலைக் கேனில் வடித்துவிட்டு, அடியில் நாலு லிட்டர் மட்டும் விட்டார்கள். குறைந்த டீசலில்தானே நின்றது, அதிலேயே ஓட வேண்டும். வண்டி புறப்பட்டு ரோட்டவேட்டரோடு மாமர வரிசைக்குள் போனது. பெரியவரின் மனைவி ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேஸ்திரி உட்காரவில்லை. வரப்பில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இருபது நிமிடம், முப்பது நிமிடம். கிளைகளுக்குக் கீழே பெரியவரின் துண்டு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. ஈரச் செம்மண் பின்னால் கரேலென்று புரண்டது. முக்கால் மணி ஆனபோது சாப்பிட வந்து உட்கார்ந்தார்.

கூலி இருநூற்றைம்பது வாங்கினார். கழற்றிய வாஷர் இரண்டையும் ஒரு தாளில் மடித்து, தேதி போட்டு, சர்வீஸ் புத்தக உறைக்குள்ளேயே வைத்தார். பெரியவரின் போனை வாங்கி, பம்பின் ஈயச் சீலைக் கிட்டத்தில் ஒரு படமும் ஹவர் மீட்டரை ஒரு படமும் எடுத்துக்கொடுத்தார். "இன்னும் ரெண்டு மாசம் இருக்குண்ணா உங்க வாரன்டி. மார்கழி இருபதுக்குள்ள ஒரு தடவை ஷோரூம்ல விட்டு, முன்னாடி ஆக்ஸில் சீல் லேசா ஈரமா இருக்குன்னு ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. எழுதாம விடாதீங்க. எழுதின காகிதத்துல கையெழுத்து வாங்கிக்கிட்டு வாங்க."

பையன் நோட்டைத் திறந்து பெரியவரின் பக்கத்தில் 413 என்று எழுதினான். பிறகு பேனாவை மாற்றிக்கொண்டு, தேதியைச் சிவப்பில் எழுதினான்.